துணைக்கோளுக்குத் தெரியாது, செயலிக்குத் தெரியும்

அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று கைப்பேசியில் பார்க்கிறீர்கள். செயலியைத் திறந்ததுமே நீங்கள் நிற்கும் நிறுத்தத்தின் பெயர் திரையின் உச்சியில் வந்துவிடுகிறது. நீங்கள் எதையும் தட்டச்சு செய்யவில்லை. நீங்கள் இருக்கும் இடம் அதற்கு எப்படித் தெரிந்தது?

வகுப்பில் கேட்டுப் பாருங்கள். “ஜிபிஎஸ் துணைக்கோள் மேலேயிருந்து நம்மைப் பார்க்கிறது” என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அந்தத் துணைக்கோளுக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

ஜிபிஎஸ் துணைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. “நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது” என்று ஒவ்வொன்றும் வானொலி அலைகளில் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. கைப்பேசி அதைக் கேட்க மட்டுமே செய்கிறது. ஒலி 96.8ஐ யார் வீட்டில் கேட்கிறார்கள் என்று ஒலிபரப்புக் கோபுரத்துக்குத் தெரியாது அல்லவா? இதுவும் அப்படித்தான். அலை ஒளியின் வேகத்தில் வருகிறது. வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கைப்பேசி தூரத்தைக் கணக்கிடுகிறது. இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று துணைக்கோள்களின் தூரம் போதும். ஆனால் கைப்பேசியின் கடிகாரம் அவ்வளவு துல்லியமானதல்ல. அந்தப் பிழையைத் திருத்த நான்காவது துணைக்கோள் தேவைப்படுகிறது. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால்கூட தூரம் 300 மீட்டர் தவறிவிடும். உங்களை அடுத்த பேருந்து நிறுத்தத்துக்கே கொண்டுபோய் நிறுத்திவிடும்!

அப்படியானால் உங்கள் இடம் வெளியே போவது எப்போது?

கடைத்தொகுதிக்குள்ளும் நிலத்தடி எம்ஆர்டி நிலையத்திலும் துணைக்கோளின் மெல்லிய அலை எட்டுவதில்லை. அங்கே கைப்பேசி வேறு வழியைப் பயன்படுத்துகிறது. சுற்றியுள்ள வைஃபை கருவிகளின் அடையாள எண்களைத் திரட்டி, அந்தப் பட்டியலை ஒரு நிறுவனத்தின் கணினிக்கு இணையம் வழியாக அனுப்புகிறது. நீங்கள் அந்த வைஃபையில் இணைந்திருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்ற பெரிய தரவுத்தளம் அந்த நிறுவனத்திடம் உண்டு. அதைப் பார்த்து, நீங்கள் இருக்கும் இடம் இதுதான் என்று அது பதில் அனுப்புகிறது. ஜிபிஎஸ் ஒருவழிப் பாதை என்றால் இது இருவழிப் பாதை. நீங்கள் கேட்கும்போதே, கேட்பவர் எங்கே இருக்கிறார் என்பது பதில் சொல்பவருக்கும் தெரிந்துவிடுகிறது.

இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. அருகில் உள்ள நிறுத்தத்தைக் காட்ட வேண்டுமானால் நீங்கள் இருக்கும் இடம் தெரிந்தாக வேண்டும். அது நியாயமான பரிமாற்றம். ஆனால் அந்தத் தகவலை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், வேறு யாருக்குக் கொடுப்பார்கள் என்பது தனிக் கேள்வி. இலவச விளையாட்டுச் செயலிகள் சில, விளம்பர நிறுவனங்களுக்கு இடத் தகவலை அனுப்புகின்றன. “பெயரை அனுப்புவதில்லை, வெறும் எண்தான்” என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம்.

பெயர் இல்லாவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா? 2013இல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 15 லட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசித் தரவை, பெயர்களை நீக்கிவிட்டு ஆராய்ந்தார்கள். ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற குறிப்புகளில் நான்கே நான்கு கிடைத்தால் போதும், 100இல் 95 பேரை மற்றவர்களிடமிருந்து தனியாகப் பிரித்துவிட முடிந்தது.

உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் உங்கள் புளோக்கில் இருப்பவர்கள் பல நூறு பேர். அவர்களில் காலையில் உங்கள் பள்ளிக்குப் போகிறவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். செவ்வாய்க்கிழமை மாலை அதே துணைப்பாட வகுப்புக்குப் போவது இருவரோ மூவரோ. சனிக்கிழமை பூப்பந்துப் பயிற்சியையும் சேர்த்தால்? மிஞ்சுவது நீங்கள் ஒருவர்தான். கணிதப் பாடத்தில் படித்த கணங்களின் வெட்டுதான் இது.

பொறியியலில் கவனமாக இருந்தால் இதைத் தவிர்க்கலாம். 2020 மார்ச்சில் சிங்கப்பூரில் அறிமுகமான டிரேஸ்டுகெதர் செயலி அதற்கு நல்ல உதாரணம். அது இடத்தைப் பதிவு செய்யவே இல்லை. அருகருகே வந்த கைப்பேசிகள், அடிக்கடி மாறும் தற்காலிக எண்களைப் புளூடூத் வழியாகப் பரிமாறிக்கொண்டன. அந்தப் பதிவு உங்கள் கைப்பேசியிலேயே இருந்தது, 25 நாளில் அழிந்தது. தொற்று உறுதியானவர்களின் பதிவு மட்டுமே சுகாதார அமைச்சுக்குப் போனது.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் ஒரு சிக்கல் எழுந்தது. தொற்றுத் தடமறிய மட்டுமே இந்தத் தரவு பயன்படும் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் குற்ற விசாரணைக்காகக் காவல்துறையும் அதைப் பெற முடியும் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. பலர் அதிருப்தி தெரிவித்தனர். அடுத்த மாதமே, கொலை, ஆள்கடத்தல் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் இயற்றப்பட்டது. நிரலில் எந்தப் பிழையும் இல்லை. ஒரு காரணத்துக்காகத் திரட்டிய தரவு இன்னொரு காரணத்துக்கும் உதவும் என்பதுதான் இங்கே பிரச்சினை. அதைத் தடுப்பது சட்டத்தின் வேலை. என் கணிப்பில், நிரல் எழுதுவதைவிட அது கடினமானது.

உங்கள் கையில் இருக்கும் பங்கு சிறியது, ஆனால் எளிது. கைப்பேசி அமைப்புகளில், இடத் தகவலுக்கு அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். 2020, 2021 முதல் ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ‘துல்லியமான இடம்’ என்பதற்குப் பதிலாக ‘தோராயமான இடம்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். பேருந்துச் செயலிக்குத் துல்லியம் வேண்டும். வானிலைச் செயலிக்கு நீங்கள் தெம்பனிசில் இருக்கிறீர்களா, ஜூரோங்கில் இருக்கிறீர்களா என்று தெரிந்தால் போதும். கைவிளக்குச் செயலி எதற்காக இடத்தைக் கேட்கிறது?