காற்றில்லாத கடலில் இராஜேந்திரன்

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கணினி விளையாட்டில் திரிசடை என்றொரு போர்க்கப்பல் உண்டு. துறையில் அதைக் கட்டி முடித்து, வரைபடத்தின் எதிர்க்கரையை மவுஸால் ஒருமுறை தட்டிவிட்டால் போதும். சற்று நேரத்தில் எதிரியின் துறைமுகத்துக்கு முன்னால் போய் நின்று அம்புகளைப் பொழியத் தொடங்கிவிடும். 1999இல் வெளிவந்த இந்த விளையாட்டுக்கு 2022 ஏப்ரலில் ‘டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா’ என்ற கூடுதல் தொகுப்பு வந்தது. திராவிடர் என்ற தரப்பும் இராஜேந்திர சோழனின் படையெடுப்புகளும் அதில்தான் சேர்ந்தன. அந்தத் தரப்பின் வீரர்கள் தமிழில் குரல் கொடுக்கிறார்கள். கடாரம் என்பது நம் கெடாதான் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த ஜொகூர் இளைஞனுக்கு இது எவ்வளவு பெரிய மகிழ்ச்சி என்று விளக்க வேண்டியதில்லை. எனக்கும் அதே மகிழ்ச்சிதான். ஆனால் கடாரம் வரை சென்ற இராஜேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பை அசாத்திய சாதனையாக்கிய அம்சம் எதுவோ, அதுவே இந்த விளையாட்டில் இல்லை.

முதலில், விளையாட்டு எதைச் சரியாகச் செய்கிறது என்று பார்ப்போம். அதன் உள்ளே நடப்பது எளிய கணக்கு. தாக்குபவனின் வலிமையிலிருந்து தாக்கப்படுபவனின் கவசத்தைக் கழித்தால் கிடைப்பது சேதம். அது ஒன்றுக்குக் கீழே இறங்காது. நூறு பேர் மோதும்போது இந்தச் சின்னக் கழித்தல் வேறொரு விதியாக உருவெடுக்கிறது. பிரிட்டிஷ் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் முதல் உலகப் போர்க் காலத்தில் எழுதிய விதி அது: தூரத்திலிருந்து தாக்கும் படைகளின் பலம் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சம திறமையுள்ள 100 வில்லாளர்களும் 70 வில்லாளர்களும் மோதினால் மிஞ்சுவது 30 பேர் அல்ல. 10,000இலிருந்து 4,900ஐக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள்; 71 பேர் மிஞ்சுகிறார்கள். படையைப் பிரித்து அனுப்பித் தோற்ற எந்த விளையாட்டாளருக்கும் இந்த விதி அனுபவத்தில் தெரியும். போரைக் கணக்காக்கிப் பழகும் வழக்கமும் புதிதல்ல. பிரஷ்யாவின் படை அதிகாரிகள் 1820களிலேயே வரைபடம், பகடை, நடுவர் என்று வைத்துக்கொண்டு இப்படிப் பயின்றார்கள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த விளையாட்டில் ஒரு வீரனை உருவாக்கும்போது கையிருப்பிலிருந்து ஒரு தொகை கழியும். அதோடு சரி. அதன் பிறகு அவன் சாப்பிடுவதே இல்லை, தண்ணீர் குடிப்பதும் இல்லை. கடலில் காற்றும் இல்லை. கப்பல் எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் போகும்.

உண்மையான கடலில் கணக்கே வேறு. நாகப்பட்டினத்திலிருந்து கெடாவின் மெர்போக் ஆற்று முகத்துவாரம் நேர்கோட்டில் சுமார் 2,300 கிலோமீட்டர். பாய்மரக் கப்பல் மணிக்கு 4 கடல்மைல் வேகத்தில் இரவு பகலாக ஓடினால் 13 நாள் ஆகும். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் குடிநீர் என்று வைத்தாலும், 100 பேர் ஏறிய கப்பலுக்கு ஏறக்குறைய 4 டன் தண்ணீர் வேண்டும். அரிசி, விறகு, ஆயுதம் எல்லாம் அதற்கு மேல். இதுவும் நல்ல காற்று கிடைத்தால்தான். வங்கக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்று மேற்கே திருப்பும். போன காற்றிலேயே ஊர் திரும்ப முடியாது. வென்றாலும் தோற்றாலும் அந்நியக் கரையில் பருவம் மாறும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்தத் தடைகளைத் தாண்டித்தான் இராஜேந்திரனின் படை போய்வந்தது. அது வென்ற இடங்கள் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஸ்ரீவிஜயத்தில் தொடங்கிக் கடாரத்தில் முடித்து 13 இடங்களைப் பட்டியலிடுகிறது. காற்றும் நீரோட்டமும் துறைமுகங்களும் அத்துப்படியானவர்கள் அரண்மனையில் இருந்திருக்க மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இந்தக் கடலில் போய்வந்த வணிகர்களிடம்தான் அந்த அறிவு இருந்தது. ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் சுமத்ராவின் பாருஸில் தமிழ்க் கல்வெட்டு நாட்டும் அளவுக்கு வேரூன்றியிருந்தது. இராஜேந்திரனின் வெற்றியில் வாளைவிட மாலுமிகளின் பங்கே பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே ஜொகூருக்கு ஒரு தனி உரிமை இருக்கிறது. ஜொகூரின் பெண்டஹாராவாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்த துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடு இணைந்தது, 1612ஆம் ஆண்டைத் தாங்கிய ‘செஜாரா மெலாயு’ என்ற மலாய் வரலாற்று நூல். அதில் ராஜா சூலான் என்ற இந்திய மன்னர் வருகிறார். சோழர் படையெடுப்பின் நினைவு அவரில் படிந்திருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அவர் முதலில் கங்கா நகரத்தை வெல்கிறார். பிறகு ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் கருங்கல் கோட்டை கட்டி ஆண்ட ராஜா சூலினை வீழ்த்தி, அவர் மகளை மணக்கிறார். அந்தக் கோட்டைதான் கோத்தா கெலாங்கி என்றும், அது கோத்தா திங்கி காட்டுக்குள் புதைந்திருக்கிறது என்றும் 2005இல் நாளிதழ்களில் பெரும் பரபரப்பு எழுந்தது. அதிகாரிகள் தேடிப் பார்த்துவிட்டுத் தடயம் எதுவும் கிடைக்கவில்லை என்று அறிவித்தார்கள்.

கோட்டையைவிட என்னை ஈர்ப்பது கதையின் அடுத்த பகுதி. ராஜா சூலான் சீனாவை வெல்லப் புறப்பட்டுத் தெமாசெக் (இன்றைய சிங்கப்பூர்) வரை வந்துவிடுகிறார். சீன மன்னர் படை அனுப்பவில்லை. துருப்பிடித்த மெல்லிய ஊசிகளையும் காய்த்த பழமரங்களையும் பல் விழுந்த கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறார். “புறப்பட்டபோது நாங்கள் சிறுவர்கள். இந்த மரங்கள் அப்போது விதைகள். இந்த ஊசிகள் கை தடிமன் இரும்புக் கம்பிகள்” என்கிறார்கள் கிழவர்கள். சீனா அவ்வளவு தூரமா என்று மலைத்து ராஜா சூலான் திரும்பிவிடுகிறார். தூரமும் காலமும் வாளைவிட வலிய ஆயுதங்கள் என்பதை ஜொகூர் ஆற்றங்கரை அரசவை அறிந்திருந்தது. முதலாம் இராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சீனாவின் சோங் அரசவையை அடைந்தபோது, பயணத்துக்கு 1,150 நாள் ஆனதாகச் சீனப் பதிவு சொல்கிறது. கிழவர்களின் கதையில் அந்த நெடும்பயணங்களின் நிழல் விழுந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

விளையாட்டில் விட்டுப்போன காற்றையும் தண்ணீரையும் நம் பிள்ளைகளே சேர்க்கலாம். இந்த விளையாட்டோடு வரும் களம் அமைக்கும் கருவியில் ‘டிரிக்கர்’ என்ற வசதி இருக்கிறது. குறிப்பிட்ட நொடிகளுக்கு ஒருமுறை உணவுக் கையிருப்பு தானாகக் குறையும்படி அதில் அமைக்கலாம். பருவம் மாறும்போது கப்பல்களின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நிரலெழுதத் தெரிய வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும். ஜொகூர் தமிழ்ப்பள்ளி மாணவர்களும் ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவர்களின் அண்ணன் அக்காள்களும் ஒரு பள்ளி விடுமுறையில் உட்கார்ந்தால், 13 துறைகளையும் இரு பருவக்காற்றுகளையும் கொண்ட வங்கக் கடலை உருவாக்கிவிடலாம். நாகப்பட்டினத்திலிருந்து எந்த மாதம் பாய் விரிப்பது, எத்தனை கப்பலில் தண்ணீர் ஏற்றுவது, எந்தத் துறையில் பருவம் மாறக் காத்திருப்பது என்பதையெல்லாம் அதில் அவர்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.