அளுவிகாரையில் ஏடெழுதியோர்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணஞ் செல்லும் பெருவீதியில், மாத்தளை நகரைக் கடந்து ஏறத்தாழ 3 கிலோமீற்றர் சென்றதும், பிளவுண்ட பாரிய கற்பாறைகள் சில தோன்றும். பஸ் வண்டியில் அவ்வழியே போகும் நம்மவருட் பலர் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அதுவே அளுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பிக்குகள் ஒருங்கு கூடித் திரிபிடகத்தை ஓலையில் எழுதிய இடம் இதுவென்பது மரபு.

அதுகாறும் அந்நூல்கள் மனிதர் நெஞ்சிலேயே வாழ்ந்தன. முழுவதையும் ஒருவரே மனனஞ் செய்தல் அரிது. ஆகவே ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு குழுவினர் பேணி வந்தனர். ஒரு குழு மடிந்தால் அதனுடன் ஒரு நூலும் மடிந்துவிடும்!

அவ்வாபத்து வந்தே விட்டது. தமிழ்த் தலைவர் படையெடுத்துவர, மன்னன் முடியிழந்து ஒளிந்தான். ஐவர் அடுத்தடுத்து 14 ஆண்டுகள் ஆண்டனர். கொடும் பஞ்சமும் உடன் சேர்ந்தது. பிக்குகள் பலர் கடல் கடந்து பாரதம் புகுந்தனர். 60 பேர் மட்டும் மலைநாட்டில் கிழங்கும் இலையுந் தின்று உயிர் தரித்தனர். உட்கார வலுவுள்ளபோது உட்கார்ந்து ஓதினர். வலுவிழந்தபோது மணலைக் குவித்து, தலைகளை ஒன்றுசேர அதன்மேற் சாய்த்து, படுத்தபடியே ஓதினர் என்று பாளி உரைநூல்கள் கூறும். பஞ்சந் தீர்ந்து 700 பிக்குகள் மீண்டு வந்து ஒப்புநோக்கியபோது, இரு சாராரிடையே ஒரு சொல்லேனும் மாறுபடவில்லையாம்.

இன்னொரு செய்தி இதனினுஞ் சுவையானது. மகாநித்தேசம் என்னும் நூலை அறிந்தவர் ஒரே ஒரு பிக்குவே எஞ்சினார். அவரோ ஒழுக்கங் குன்றியவர். அவரிடம் பாடங் கேட்க மகாரக்கித தேரர் முதலில் மறுத்தார். மூத்த தேரர் ஒருவர் வற்புறுத்திய பின்னரே கற்றார். ஏனையோர் அவரிடமிருந்து கற்றனர். பசியைப் பொறுப்பதினும் இது கடினமென்றே எமக்குத் தோன்றுகிறது. மனத்துக்கு ஒவ்வாதவருடன் ஒரு சங்கத்திலோ சபையிலோ பணியாற்றியவர் இதனை நன்கறிவர்.

எழுதுதலும் ஒருவர் வேலையன்று. தாளிப்பனையின் குருத்தோலையை வெட்டி, அவித்து, உலர்த்தி, மெருகேற்ற வேண்டும். எழுத்தாணியாற் கீறியபின் கரியும் எண்ணெயுந் தேய்த்தாலே எழுத்துப் புலப்படும்.

1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது, அவ்விகாரையின் ஏட்டுச்சுவடிகள் பெரும்பாலும் அழிந்தன. ஆயினும் பிரதிகள் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்னரே பல நாடுகளுக்குப் பரவியிருந்தன. இன்று அங்குச் செல்வோர், ஓலையில் எழுத்தாணி ஓடும் விதத்தை நேரிற் காணலாம்.