மயில்கழுத்தா, சங்குப்பூவா?

மகளின் படிப்பறைக்கு இரண்டு நீலங்களைத் தேர்ந்து வைத்துவிட்டு, எதை அடிப்பது என்று தெரியாமல் ஒரு வாசகர் ஷேடு கார்டையே கத்தரித்துக் கடிதத்தில் ஒட்டி அனுப்பியிருக்கிறார். ஒன்று பச்சை கலந்த மயில்கழுத்து நீலம். மற்றது ஊதா கலந்த சங்குப்பூ நீலம். பகலில் இரண்டும் அழகுதான். ஆனால் அந்த அறையில் பெரும்பாலும் விளக்கு வெளிச்சம்தான் என்கிறார். முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

வெள்ளையாக எரியும் எல்.இ.டி. பல்பின் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சிறு சில்லு. அந்த நீலத்துக்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. சில்லின்மேல் பூசிய பாஸ்பர் நீலத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மஞ்சளாக உமிழும். மிச்ச நீலமும் அதுவும் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளை. ஆனால் அந்த வெள்ளையில் ஒரு பள்ளம் உண்டு. 450 நானோமீட்டரை ஒட்டி நீலம் உச்சத்தில் நிற்கும்; 480 பக்கம் ஒளி சட்டென்று குறைந்துபோகும்; பச்சையில்தான் மறுபடி ஏறும். மயில்கழுத்து நீலத்தின் பளபளப்புக்கு அந்த 480 பக்கத்து ஒளிதான் உயிர். விளக்கு தராததைச் சுவர் எப்படித் திருப்பித் தரும்? பகலில் துள்ளிய நிறம் இரவில் சோர்ந்து, சாம்பல் படர்ந்த பச்சையாகிவிடுகிறது. சங்குப்பூ நீலத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. அதற்கு வேண்டிய 450 பல்பிலேயே இருக்கிறது.

என் அம்மா கடை விளக்கை நம்பிப் பட்டுப்புடவை எடுத்ததே இல்லை. வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகுதான் விலை கேட்பார். விசேஷத்துக்கு மட்டும் உடுத்தும் புடவைக்கு இருந்த அந்தப் பொறுமை, தினமும் விழித்துப் பார்க்கிற சுவருக்கு நம்மிடம் இல்லை. கைபேசித் திரையில் நிறம் பார்த்து, மறுநாளே பெயிண்டரை வரச்சொல்கிறோம். பிடிக்காவிட்டால் மிச்ச பெயிண்டைச் சாக்கடையில் கொட்டுகிறோம். தண்ணீருக்குச் செய்யும் துரோகம் இது.

இரண்டிலும் சின்ன டப்பா வாங்குங்கள். இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். எமல்ஷன் காய்ந்த பிறகுதான் உண்மை நிறம் தெரியும். ஜன்னலோரம் ஒருமுறை, எதிர்மூலையில் ஒருமுறை, இரவில் பல்பைப் போட்டு ஒருமுறை பாருங்கள். நாலு சுவரும் ஒன்றன்மேல் ஒன்று ஒளியை எறிவதால், அறையில் நிறம் கார்டைவிட அழுத்தமாகவே தெரியும். ஒரு படி வெளிறியதாக எடுங்கள். உங்கள் வீட்டில் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றும் எண்ணம் இல்லையென்றால், சங்குப்பூ நீலத்தையே அடியுங்கள்.