வயது நூறு கோடிக்கு மேல், கட்டணம் இல்லை

2025 பிப்ரவரி 17, திங்கட்கிழமை. அதிகாலை 5.36 மணிக்குத் தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பலர் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். தரைக்கடியிலிருந்து ஓர் உறுமல், அதைத் தொடர்ந்து ஓர் உலுக்கல். பீரோ கதவு படபடத்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்து பூங்காவில் நின்றவர்கள், அந்த உலுக்கலைவிட உறுமலைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

தில்லிக்கு நில நடுக்கம் புதிதில்லை. இந்துகுஷ் மலையில் அதிர்ந்தால் இங்கே மின்விசிறி ஆடும். நேபாளத்தில் அதிர்ந்தால் இங்கே சுவரில் கீறல் விழும். அன்று வந்தது வேறு ரகம். அளவு 4.0தான். ஆனால் மையம் பக்கத்திலேயே, தௌலா குவானில். ஆழமும் வெறும் 5 கிலோமீட்டர். அவ்வளவு அருகில், அவ்வளவு மேலாக நிகழ்ந்ததால்தான் சத்தம் காதுக்கே கேட்டது. நம் காலுக்குக் கீழே என்னதான் இருக்கிறது என்று அன்று காலை வாட்ஸ்அப் குழுக்களில் கேட்காதவர்கள் குறைவு.

அந்தக் கேள்விக்கான பதில் ஆர்.கே.புரத்துத் தமிழர்கள் கண்ணில் தினமும் படுகிறது. மலை மந்திருக்குப் படியேறும்போது சுற்றிலும் துருத்திக்கொண்டிருக்கிற பாறையைப் பாருங்கள். 1973இல் குடமுழுக்கு கண்ட இந்தக் கோயிலில், அதாவது உத்தர சுவாமிமலையில், சுவாமிநாதன் சந்நிதி கருங்கல்லால் கட்டியது. அதைத் தாங்கி நிற்கிற குன்றின் கல் வேறு. அது குவார்ட்சைட். குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான் வழியாகக் கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் வருகிற ஆரவல்லி மலைத்தொடரின் வால் நுனி தில்லிதான். வஜீராபாத் அருகே யமுனைக் கரையில் அது முடிகிறது. ஊர்க்காரர்கள் ‘ரிட்ஜ்’ என்று சொல்வது இதைத்தான்.

கோயில் குன்றில் பாறையை நின்று நிதானமாகப் பார்க்க இடம் குறைவு, நேரமும் இருக்காது. அதற்குச் சரியான இடம் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், சுருக்கமாக ஜே.என்.யூ. ஆர்.கே.புரத்திலிருந்து வெளிவட்டச் சாலையைக் கடந்து, முனிர்காவைத் தாண்டினால் வளாகம். 615 பஸ் உள்ளேயே போகும். ஏறத்தாழ 1,000 ஏக்கர் நிலம். அதில் பெரும்பகுதி ரிட்ஜின் கரடும் புதரும். மயில் உண்டு, நீல்காய் உண்டு, நம் ஊரைப் போலவே சீமைக் கருவேலமும் உண்டு. உள்ளே ஒரு மேட்டில் பாறைகள் குவிந்து கிடக்கிற இடத்துக்குப் பார்த்தசாரதி ராக்ஸ் என்று பெயர். மாணவர்கள் சுருக்கி ‘பி.எஸ்.ஆர்.’ என்பார்கள்.

அந்தப் பார்த்தசாரதி நம்மவர். 1969இல் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் துணைவேந்தராக வந்த ஜி.பார்த்தசாரதி, அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த என்.கோபாலசாமி ஐயங்காரின் மகன். இதழாளராகவும் தூதராகவும் இருந்தவர், சென்னைக்காக ரஞ்சி கிரிக்கெட் ஆடியவர். ஒரு துணைவேந்தரின் பெயரைக் கட்டடத்துக்கு வைக்காமல் பாறைக்கு வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

மாணவர்கள் பி.எஸ்.ஆருக்குப் போவது மாலை வெயில் பார்க்க, பாட்டுப் பாட, விமானங்கள் தாழ இறங்குவதை எண்ண. நான் சொல்ல வருவது வேறு. அது ஒரு புவி அறிவியல் அருங்காட்சியகம். கூரை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, டிக்கெட் இல்லை. விளக்கிச் சொல்ல யாரும் இல்லை என்பது மட்டும்தான் குறை.

விளக்கம் இல்லாமலே கல்லிடமிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்று பாருங்கள். கீழே உதிர்ந்து கிடக்கிற ஒரு சில்லைக் கையில் எடுங்கள். வெளிப்புறம் இரும்புத் துரு ஏறிய பழுப்பு. உடைந்த பக்கம் வெளிர் சாம்பல், சில கற்களில் இளஞ்சிவப்பு. கண்ணாடி போல மினுங்கும். ஒரு சிறு லென்ஸ் வைத்துப் பார்த்தால் மணல் மணலாகத் தெரியும். அது மணல்தான். ஒரு காலத்தில் நீருக்கடியில் படிந்து, கெட்டிப்பட்டு மணற்கல்லான மணல். பின்பு பூமிக்குள் புதைந்து அழுத்தத்திலும் வெப்பத்திலும் மறுபடி படிகமாகி இறுகியது. மணற்கல்லை உடைத்தால் மணிகளைச் சுற்றிக்கொண்டு பிளவு ஓடும். கை வைத்தால் சொரசொரக்கும், மணல் உதிரும். குவார்ட்சைட்டை உடைத்தால் மணிகளின் ஊடாகவே பிளவு ஓடும். மணியும் மணியும் அவ்வளவு ஒட்டிப்போயிருக்கின்றன. விரலால் தடவினாலே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

பழைய கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கொண்டுபோங்கள். சில்லின் முனையால் அதில் கோடு இழுங்கள். கண்ணாடியில் கீறல் விழும். பேனாக் கத்தியால் கல்லைக் கீறிப் பாருங்கள்; கல்லில் கீறல் விழாது, கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாகக் கல்லில் ஒட்டும். குவார்ட்ஸின் கடினத்தன்மை 7 என்று பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்கிற பிள்ளை, இதை ஒரு தடவை செய்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

பிறகு சற்றுத் தள்ளி நின்று பாறையை மொத்தமாகப் பாருங்கள். மணல் படுக்கையாகத்தானே படிந்திருக்க வேண்டும்? ரிட்ஜில் பல இடங்களில் அந்த அடுக்குகள் செங்குத்தாகச் சாய்ந்து நிற்கின்றன. மலையாக மடங்கியபோது சாய்ந்தவை அவை. குறுக்கே விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடுகள் ஓடும். பாறை விரிசல் விட்ட இடத்தில் சூடான நீர் புகுந்து குவார்ட்ஸாக உறைந்த தழும்புகள். சதுரம் சதுரமாக வெட்டிவைத்தது போன்ற பிளவுகள், பாறை பட்ட அழுத்தத்தைச் சொல்கின்றன.

வயது என்ன? 150 கோடி ஆண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். நூறு கோடிக்கு மேல் என்பதில் ஐயமில்லை. துல்லியமாகச் சொல்வது ஏன் சிரமம் என்பதிலேயே ஓர் அருமையான பாடம் இருக்கிறது. மணலுக்குள் சிர்கான் என்ற கனிமத்தின் நுண்ணிய மணிகள் இருக்கும். அதில் சிக்கிய யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிறது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் சிர்கானின் வயது வரும். ஆனால் அது மணல் எந்தப் பழைய பாறையிலிருந்து அரித்து வந்ததோ அந்தப் பாறையின் வயது. மணல் இங்கே வந்து படிந்தது அதற்குப் பிறகு. ஆகவே நிலவியலாளர்கள் மேல் எல்லை, கீழ் எல்லை என்று இரண்டு பக்கமும் நெருக்கித்தான் விடை காண்கிறார்கள். இந்த அளவீட்டுக்கான தேசிய ஆய்வு வசதி ஒன்று ஜே.என்.யூ.வை ஒட்டி, அருணா ஆசஃப் அலி சாலையில், இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில் இருக்கிறது. அளக்கப்படுகிற பாறையும் அளக்கிற இயந்திரமும் ஒரே ரிட்ஜில்.

இந்தப் பாறையில் சிப்பியோ எலும்போ தேடாதீர்கள். ஓடுள்ள உயிர்கள் பெருகியது சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இது அதைவிட மூத்தது. சிப்பி வேண்டுமானால் அரியலூர் போக வேண்டும். கிரெட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது. அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரின் எச்சங்களை 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கிருந்து சேகரித்து வகைப்படுத்திவிட்டார்கள். அதே அம்மோனைட் குடும்பம் ஆர்.கே.புரத்திலும் பல வீடுகளில் இருக்கிறது, பூஜை அறையில். கண்டகி ஆற்றிலிருந்து வருகிற சாளக்கிராமங்களில் சக்கரம் தெரிகிறதே, அது இமயமலை எழுவதற்கு முன்பு அங்கிருந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் சுருள். தினமும் அதற்குத் திருமஞ்சனம் செய்கிற பாட்டியிடம் இதைச் சொன்னால் பக்தி குறையப் போவதில்லை. பேரனுக்கு ஜுராசிக் காலம் கையில் கிடைத்துவிடும்.

குவார்ட்சைட்டுக்கும் நமக்கும் இன்னும் நெருக்கமான உறவு ஒன்று உண்டு. 1863 மே 30 அன்று சென்னை பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்ததற்கு முதல் சாட்சி அது. செய்த கல் குவார்ட்சைட். அதே ஆண்டு அவர் கண்ட அத்திரம்பாக்கத்தில் பிற்காலத்தில் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்த கைக்கோடரிகளும் குவார்ட்சைட்தான். அவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தார்கள். இங்கே தில்லியின் தெற்கு எல்லையில், ரிட்ஜின் தொடர்ச்சியில் உள்ள அனங்பூரிலும் அதே வகைக் கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. வடக்கே ஆனாலும் தெற்கே ஆனாலும், ஆதி மனிதன் தேடிப்போனது உடைத்தால் கூர்மையாக உடைகிற இந்தக் கல்லைத்தான். அந்தத் தேர்வு தற்செயல் இல்லை என்பதை, கண்ணாடிக் குப்பியில் கீறிப் பார்த்த பிள்ளை உடனே புரிந்துகொள்ளும்.

தில்லி ஈஸ்ட் ஆஃப் கைலாஷ் அருகே இதே பாறையில்தான் அசோகரின் சிறு பாறைக் கல்வெட்டு இருக்கிறது, 1966இல் கண்டுபிடித்தார்கள். துக்ளகாபாத் கோட்டை மதிலும் இந்தக் கல்தான். தில்லியில் வீடு கட்டுகிற மேஸ்திரிகள் ‘பதர்பூர்’ என்று கேட்கிற மணலும் இதே குவார்ட்சைட் நொறுங்கி வந்தது. நகரத்தின் பாதி இந்தப் பாறையின் மேல் நிற்கிறது, மீதி பாதியில் இந்தப் பாறை சுவராக நிற்கிறது. யமுனைக்கு அந்தப் பக்கம் போனால் இதே பாறை பல இடங்களில் நூறு மீட்டருக்கும் கீழே போய்விடும்; மேலே முழுதும் ஆற்று வண்டல். நில நடுக்கம் வரும்போது வண்டலின் மேல் உள்ள வீடு பாறை மேல் உள்ள வீட்டைவிடக் கூடுதலாகக் குலுங்கும். தில்லி நான்காம் நில நடுக்க மண்டலத்தில் இருக்கிறது. வீடு வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. பள்ளிக்கூடத்தில் இதைக் கல்லைக் காட்டி யாரும் சொல்வதில்லை.

சொல்ல ஓர் இடம் இருந்தது. மண்டி ஹவுஸ் அருகே 1978 ஜூன் 5 அன்று திறந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். தில்லியில் வளர்ந்த இரண்டு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போய், டைனோசர் எலும்புக்கு எதிரே வாய் பிளந்து நின்றிருக்கிறார்கள். 2016 ஏப்ரல் 26 அதிகாலையில் அது எரிந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வியப்பு கிடைக்கவில்லை. எனக்கு இது ஆறாத வருத்தம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் செட்ஜ்விக் புவி அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. 1728இல் இறந்த ஜான் உட்வர்ட் என்ற மருத்துவர் தன் கற்களையும் தொல்லுயிர் எச்சங்களையும் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச் சென்றதில் தொடங்கியது. இன்றைய கட்டடம் 1904இல் திறந்தது. பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் சேர்த்த பாறைகள் அங்கேதான் இருக்கின்றன. தெருவில் போகிற யாரும் காசில்லாமல் உள்ளே போகலாம். பல்கலைக்கழகம் படிப்பவர்களுக்கு மட்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. நமக்கும் இது அந்நியமான யோசனை இல்லை. எழும்பூர் அருங்காட்சியகமே 1851இல் சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த 1,100 நிலவியல் மாதிரிகளை வைத்துத்தான் தொடங்கியது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் எம்.எஸ்.கிருஷ்ணன், தஞ்சைப் பக்கத்துத் தமிழர்.

ஜே.என்.யூ.விடம் கேட்பது அதிகமில்லை. பி.எஸ்.ஆருக்குப் போகும் பாதையில் ஐந்தாறு பலகைகள்: இது என்ன கல், இந்த வெள்ளைக் கோடு எப்படி வந்தது, இந்த அடுக்கு ஏன் சாய்ந்திருக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியல் புலத்தில் ஓர் அறை. அதில் ரிட்ஜின் கற்களும், ஒப்பிட்டுப் பார்க்கப் பல்லாவரத்துச் சார்னகைட் பாறையும் அரியலூர் அம்மோனைட்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விளக்கிச் சொல்ல இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள். கட்டடமும் வேண்டாம், கோடிகளும் வேண்டாம். கட்டணம் மட்டும் வைக்கக் கூடாது. பத்து ரூபாய் டிக்கெட்டும் வேண்டாம். குவார்ட்டர்ஸில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் ஜுக்கிக் குடிசைகளில் இருக்கிற பிள்ளைகளும் அந்த வாயிலில் தயங்கி நின்றுவிடக் கூடாது.

அது வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஆர்.கே.புரத்திலேயே இருக்கிறது, தமிழ்ச் சங்கமும் இங்கேதான். பொங்கலுக்குக் கோலப் போட்டி நடத்துகிற அதே உற்சாகத்தோடு, ஒரு குளிர்கால ஞாயிறு காலை பிள்ளைகளை ரிட்ஜுக்கு அழைத்துப் போகலாம். நிலவியல் படித்த ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. ஒருவரைக் கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் இதம். மழைக்குப் பின் பாம்பு இருக்கும், கவனம். ஜே.என்.யூ. வாயிலில் அடையாள அட்டை கேட்பார்கள், அனுமதி விதிகளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மூடிய காலணி, தண்ணீர், ஒரு லென்ஸ், ஒரு பழைய கண்ணாடிக் குப்பி போதும். சுத்தியல் வேண்டாம், உதிர்ந்து கிடக்கிற சில்லே தாராளம், பார்த்த பிறகு அதையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.