கடல் நீரை எங்கே கொட்டுவது?

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் சாலையில் இருக்கிறது பரவை. அங்கிருந்து கடலைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டும். ஆனால் பணமும் பொறுமையும் உள்ளவர்கள் கடலையே வீட்டுக்குள் கொண்டு வந்துவிடலாம். கண்ணாடித் தொட்டி, உப்புக் கரைத்த நீர், வண்ண வண்ணக் கடல் மீன்கள்! அதன் முன் உட்கார்ந்த குழந்தைகளைச் சாப்பிட எழுப்புவதே பெரும்பாடு.

மீன்களின் கழிவு நீரிலேயே சேருகிறது. ஆகவே அவ்வப்போது ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புது நீர் ஊற்ற வேண்டும். 100 லிட்டர் தொட்டியில் 20 லிட்டர் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். எடுத்த நீரை என்ன செய்வது?

“மீன் தண்ணீர் செடிக்கு உரமாயிற்றே!” என்பார் வீட்டுப் பாட்டி. நல்ல தண்ணீர் மீனுக்கு அது சரி. இதற்குச் சரிப்படாது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. 20 லிட்டரில் 700 கிராம்! அவ்வளவு உப்பை யாராவது மல்லிகையின் தூரில் கொட்டுவார்களா?

மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டால் நீர் விட்டுக்கொள்கிறதல்லவா? வேரிலும் அதே கதைதான். மண்ணில் உப்பு ஏறினால் செடியால் நீரை உறிஞ்ச முடியாது. ஈரத்தில் நின்றபடியே செடி வாடும். தென்னை ஓரளவு தாங்கும்; மல்லிகை தாங்காது.

தெருச் சாக்கடையில் விட்டால்?

சாக்கடை நீர் கடைசியில் கண்மாய்க்கோ ஆற்றுக்கோதானே போகிறது! கிணற்றடியில் ஊற்றுவது அதைவிட மோசம். மண் அழுக்கை வடிகட்டும்; கரைந்த உப்பை வடிகட்டாது. கிணற்று நீர் கரித்துப் போனால் காய்ச்சினாலும் உப்புப் போகாது.

“ராமேஸ்வரம் போகும்போது கடலிலேயே கொட்டிவிடலாமே?” கூடவே கூடாது! 1984-ம் ஆண்டு மொனாக்கோவில், கடல் மியூசியத்தின் எதிரே, அந்தக் கடலுக்கே சொந்தமில்லாத ஒரு பச்சைப் பாசி முளைத்திருந்தது. தொட்டியிலிருந்து தப்பியது என்றே பலரும் கருதினர். பிறகு அது மத்தியதரைக் கடலில் வெகுதூரம் படர்ந்தது. 2000-ம் ஆண்டு அதே பாசி அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் தலைகாட்டியது. தார்ப்பாய் போட்டு மூடி, குளோரின் செலுத்திக் கொன்றார்கள். ஒழிந்தது என்று அறிவிக்க 2006 வரை ஆயிற்று. ஒரு சிறு துணுக்கு போதும், அது தழைத்துவிடும்.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. பயிர் செய்யக் கொண்டுவந்த அயல்நாட்டுப் பாசி ஒன்று, பாம்பன் அருகே குருசடைத் தீவில் பவளப் பாறைகளை மூடிப் படர்ந்ததை மதுரை ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் எழுதினார்கள். அது தொட்டிப் பாசியல்ல. ஆயினும் பவளத்துக்கு வந்த கேடு ஒன்றுதான்.

வெயில் இருக்கிறதே!

மதுரை வெயிலைத் திட்டாதவர் இல்லை. இந்த வேலைக்கு அதைவிட நல்ல ஆள் கிடைக்காது. எடுத்த நீரில் முதலில் வடிகட்டும் பஞ்சை அலசிக்கொள்ளுங்கள். குழாய் நீரில் அலசினால் அதிலுள்ள நல்ல கிருமிகள் செத்துவிடும். பிறகு அகலமான பிளாஸ்டிக் தட்டுகளில் ஊற்றி மாடியில் வையுங்கள். இரும்புத் தட்டு துருப்பிடிக்கும். நீர் இரண்டு விரல்கடைக்கு மேல் நிற்க வேண்டாம். சித்திரை வெயிலில் சில நாட்களில் வற்றிவிடும். மழைக் காலமானால் மூடியுள்ள டிரம்மில் சேர்த்து வைத்து, வெயில் வந்ததும் காய வைக்கலாம்.

தட்டில் மிஞ்சும் உப்பைச் சுரண்டிப் பொட்டலம் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். அதில் மீன் கழிவும் கலந்திருக்கும். சமையலுக்கு ஆகாது, மாட்டுக்கும் வைக்கக் கூடாது.