சத்தியவேட்டுக் கல்லில் ஒரு கலைக்கூடம்

புழல், செங்குன்றம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அருங்காட்சியகம் என்றால் எழும்பூர்தான். அந்த வளாகத்தில் இளஞ்சிவப்பாக உயர்ந்து நிற்கும் தேசியக் கலைக்கூடத்தின் கல் வெகுதூரத்திலிருந்து வந்ததல்ல. புழலுக்கு வடமேற்கே, ஊத்துக்கோட்டையைத் தாண்டி, இன்று ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சத்தியவேட்டு மணற்கல் அது.

அன்று அந்தக் கட்டடம் விக்டோரியா மகாராணியின் நினைவு மண்டபம். 1906 ஜனவரியில், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1909 மார்ச்சில் ஆளுநர் ஆர்தர் லாலி திறந்து வைத்தார். வரைபடம் ஹென்றி இர்வினுடையது. கட்டி எழுப்பியவர் நம்பெருமாள் செட்டியார். உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் இந்த இருவரின் உழைப்பு உண்டு. ஃபத்தேபூர் சிக்ரியில் அக்பர் எழுப்பிய புலந்த் தர்வாசாவின் சாயல் இதன் முகப்பில் தெரியும். ஓங்கிய வளைவு வாசலும் மேலே வரிசையாக நிற்கும் சிறு மண்டபங்களும் முகலாயக் கலையைச் சென்னைக்குக் கொண்டுவந்தன. தொடக்கத்தில் உள்ளே இடம்பெற்றவை நம் கைவினைஞர்களின் பொருட்கள். 1951 நவம்பரில் நேரு இதைக் கலைக்கூடமாகத் திறந்து வைத்தார். ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்களும் தஞ்சாவூர் ஓவியங்களும் முகலாய, ராஜஸ்தானிச் சிற்றோவியங்களும் மக்கள் பார்வைக்கு வந்தன.

பிறகு கட்டடத்தில் விரிசல் கண்டது. 2002இல் கதவு சாத்தப்பட்டது. ஓவியங்கள் வளாகத்திலேயே வேறு கட்டடத்துக்குப் போயின. அவை பத்திரமாக இருந்தன என்பது ஆறுதல். ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பூட்டிய வாசலை மட்டுமே பார்த்து வளர்ந்தார்கள்.

இன்று கட்டடம் சீரமைக்கப்பட்டிருக்கிறது. அத்துடன் கடமை முடிந்துவிடாது. மணற்கல் ஈரத்தை உறிஞ்சும். மழைநீர் வடியும் வழி அடைத்துக்கொண்டால் சுவர் ஊறும். இடுக்கில் விழுந்த அரசம் விதை வேர்விட்டுக் கல்லைப் பிளக்கும். விரிசல் கண்ட பின் கோடிகளைத் தேடுவதைவிட, ஒவ்வொரு பருவமழைக்கு முன்னும் கூரையையும் வடிகாலையும் பார்ப்பதற்கு நிலையான நிதி ஒதுக்குவதே அறிவுடைமை.

வடசென்னைப் பள்ளிகள் பிள்ளைகளை இங்கே அழைத்து வரும்போது, முதலில் அந்த முகப்பின் முன் நிறுத்திக் காட்ட வேண்டும். கல் எந்த ஊரிலிருந்து வந்தது, யார் வரைந்தார், யார் கட்டினார் என்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டடமே இங்குள்ள கலைப்பொருட்களில் மிகப் பெரியது. தன் பக்கத்து மண்ணில் விளைந்தது என்று அறிந்த பிள்ளை, வளர்ந்த பின் அதை அழிய விடாது.