குளத்து நீரும் வயல் நீரும்: கட்டுக்கரைக் கமக்காரருக்குச் சில குறிப்புகள்

மன்னார் மாவட்டத்தின் நெற்செய்கைக்கு உயிராதாரம் கட்டுக்கரைக் குளம். 5ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேன மன்னன் கட்டியதெனக் கருதப்படும் இக்குளம், நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தப்பட்டது. தேக்கம் அணை அருவி ஆற்றை மறித்து, வாய்க்கால் வழியே நீரைக் குளத்துக்குத் திருப்புகின்றது. இக்குளத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்கள் நீர் பெறுகின்றன. ஆகவே தலைவாய்க்காலில் வீணாகும் நீர், கடைசி வாய்க்காலில் உள்ளவரின் விளைச்சலாகும்.

குளம் வற்றும் விதம்

கட்டுக்கரைக் குளம் பரந்தது. ஆனால் ஆழங் குறைந்தது. கோடையில் இப்பகுதியின் நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகும். நூறு நாளில் இது அரை மீற்றராகும். ‘வெயில் குடிக்கும் நீரை வயல் குடிக்கட்டுமே’ என்பர் சிலர். இக்கூற்றிற் பாதி உண்மை உண்டு. சிறுபோகத்தைப் பிந்தித் தொடங்கினால் ஆவியாகும் நீரே மிகுதி. ஆதலால் முந்தி விதைத்து முந்தி அறுப்பதே நன்று.

எனினும், அடிநீரையும் இறைத்துவிடலாகாது. கால்நடைகளின் குடிநீரும், நன்னீர் மீன்பிடிப்போரின் பிழைப்பும், அயற்கிணறுகளின் ஊற்றும் அந்நீரிலேயே தங்கியுள்ளன. 1954ஆம் ஆண்டில் இக்குளம் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. வலசை வரும் பறவைகளுக்கும் அது புகலிடம். மேலும், முற்றாக வற்றி வெடித்த குளத்தில், முதல் வெள்ளத்தின் ஒரு பகுதியை வெடிப்புகளே விழுங்கிவிடும்.

காலபோகத்திற் சேமித்தல்

கோடைக்கான சேமிப்பு மாரியிலேயே தொடங்க வேண்டும். புரட்டாதியில் நிலத்தைப் புழுதியாக உழுது, ஐப்பசி மழையோடு விதைப்பவர், சேற்றுழவுக்குக் குளத்து நீரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மழை பெய்யும் நாளில் துருசை மூடுவித்தல் வேண்டும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல நீர் என்பது ஒரு இலட்சம் லீற்றருக்கு மேற்பட்டது. வயலைச் சமமாகப் பலகையடித்து, வரம்பிலுள்ள நண்டு வளைகளை அடைத்தால், இரண்டு அங்குல நீரே போதுமானது. குடலைப் பருவந் தொடங்கிப் பூக்கும் வரை மாத்திரம் நீர் குறையலாகாது. அறுவடைக்கு ஏறக்குறைய பத்து நாள் முன்னர் நீரை நிறுத்துக.

சிறுபோகத்தில் நீரை அளந்து நிலத்தை அளத்தல்

1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு இடமளித்துள்ளது. அக்கூட்டத்தில் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை ஏக்கர்?’ என்பதன்று, ‘எவ்வளவு நீர்?’ என்பதே.

விளக்கத்துக்காக ஒரு கணக்கைக் கொள்வோம். குளத்தில் 12,000 ஏக்கரடி நீர் உள்ளது என்க. அடியிருப்பாக 3,000ஐயும், ஆவியாதலுக்கும் கசிவுக்கும் 4,000ஐயும் ஒதுக்கினால், மிஞ்சுவது 5,000. ஏக்கருக்கு 5 ஏக்கரடி வீதம் 1,000 ஏக்கர் விதைக்கலாம். ஆசையால் 1,500 ஏக்கர் விதைத்தால், ஏக்கருக்குக் கிடைப்பது மூன்றேகாலுக்குச் சற்று மேல். குடலைப் பருவத்தில் நீர் முடியும். 1,000 ஏக்கரின் விளைவும் கெட்டு, 1,500 ஏக்கரும் பதராகும். விதையும் உரமும் கடனும் அதனோடு போகும். ஆதலால், நிலத்தைக் குறைத்து முறைவைத்துப் பகிர்வதே அனைவருக்கும் காப்பு.

குறுகிய காலத்தில் விளையும் இனங்களையே தெரிவு செய்க. பிஜி 300 மூன்று மாதத்திலும், பிஜி 250 இரண்டரை மாதத்திலும் விளையும். மேட்டு வயல்களிற் பயறு, கௌபி, எள் ஆகியவற்றை இடுவோர் நெல்லுக்குத் தேவையான நீரிற் பாதியையோ அதனிலுங் குறைவாகவோ கொண்டு அறுவடை காண்பர்.

மரக்கறித் தோட்டமும் கிணறும்

உப்புக்குளம் உள்ளிட்ட மன்னார்த் தீவில் ஆறு இல்லை. இங்கு மழைநீர் மணலில் இறங்கி, கனத்த கடல்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது கணிப்பு. ஓரடி இறைத்துத் தாழ்த்தினால், கீழிருந்து உவர் மேலேறும். ஆகவே கிணறும் ஒரு சிறு குளமே. அதற்கும் அடியிருப்பு வேண்டும்.

இயந்திரத்தால் ஒரேயடியாக இறைக்காது, காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக இறைத்து, ஊற விடுக. கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்கு இடுக. நீர் கரிக்கத் தொடங்கினால் அன்றே இறைப்பைக் குறைக்க வேண்டும். உவரேறிய கிணறு நன்னீராக அடுத்த மாரி வரை காத்திருக்க நேரிடும்.

நீர்மட்ட அளவையும் நீர் விடும் நாட்களையும் கமக்காரர் அமைப்பின் வாயிலாக அறிந்துகொள்க. இனத் தெரிவு பற்றிய ஐயங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் விதைப்புக்கு முன்னரே கேட்டுத் தெளிக. விதைத்த பின் நிலத்தைக் குறைக்க முடியாது.